மேல்வீட்டார், கீழ்வீட்டார்: குழுச்சண்டை பற்றிய உளவியல் சோதனைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் சேலத்திலிருந்து நாற்பது பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய்ப் பத்து நாள் முகாம் நடத்துகிறோம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. உளவியல் படித்தது தபால் வழியில், அதுவும் நாற்பது வயதுக்கு மேல். கூடமாட வேலை செய்ய வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ராத்திரி இந்தச் சோதனைகளைப் பற்றிச் சொல்வது வழக்கம். சொல்லி முடித்ததும் வரும் சந்தேகங்கள் வருடா வருடம் மாறுவதே இல்லை. பெற்றோர், வேன் ஓட்டுகிறவர், சமையல்கார அம்மா வரை கேட்டிருக்கிறார்கள். சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. குழுச்சண்டையை எல்லாம் சோதனை பண்ணிப் பார்க்க முடியுங்களா டீச்சர்? எலிக்கு வைக்கிற மாதிரியா?

கூண்டெல்லாம் கிடையாது. மனிதர்களை, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை, ஒரு சூழ்நிலையில் விடுவார்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவார்கள். நடத்தை எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இந்த வழிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் கர்ட் லெவின். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-இல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிய யூத உளவியலாளர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது லிப்பிட், ஒயிட் என்ற இருவரோடு சேர்ந்து சிறுவர் மன்றங்களை அமைத்தார். பிள்ளைகள் முகமூடி செய்வார்கள், வேறு கைவேலை செய்வார்கள். பெரியவர் ஒருவர் கூட இருப்பார். ஒரு மன்றத்தில் அவர் அதட்டி வேலை வாங்குவார், இன்னொன்றில் கலந்து பேசி முடிவெடுப்பார். அதட்டல் மன்றத்துப் பிள்ளைகள் ஒன்று வாயடைத்துப் போனார்கள், இல்லையென்றால் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே பையனைக் குறிவைத்து வாட்டியதும் உண்டு. 1939-இல் இது அச்சில் வந்தது. பிள்ளைகள் அதே வகைப் பிள்ளைகள்தான். மாறியது கூட இருந்த பெரியவரின் போக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

2. அந்த அமெரிக்கக் காட்டு முகாம் கதையை முழுசா ஒரு தடவை சொல்லுங்களேன். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க.

சோதனையை நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப், துருக்கியில் பிறந்தவர். நடந்தது 1954 கோடையில், ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில். வந்த சிறுவர்கள் 22 பேர், எல்லாருக்கும் பதினோரு வயது வாக்கில். எல்லாரும் வெள்ளையர்கள், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், நடுத்தரக் குடும்பம், முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். சண்டைக்கு வெளிக் காரணம் எதுவும் இருந்துவிடக் கூடாது என்று சல்லடை போட்டுச் சலித்தெடுத்தவர்கள். இரண்டு பேருந்துகளில் தனித்தனியாக வந்து இறங்கினார்கள். இன்னொரு கூட்டம் அதே காட்டில் இருப்பதே முதல் வாரம் அவர்களுக்குத் தெரியாது. சேர்ந்து நீந்தினார்கள், சமைத்தார்கள், தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் கழுகுகள், இன்னொன்று விரியன்கள்.

இரண்டாவது வாரம் போட்டி. பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல். ஜெயிக்கிற கூட்டத்துக்குக் கோப்பை, பதக்கம், ஆளுக்கொரு பேனாக் கத்தி. தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முதல் நாள் கயிற்றில் தோற்ற கழுகுகள் விரியன்களின் கொடியை இறக்கிக் கொளுத்தினார்கள். பதிலுக்கு விரியன்கள் ராத்திரி வந்து குடிலைச் சூறையாடினார்கள். ஒருவனின் ஜீன்ஸைத் தூக்கிப்போய் அதில் 'கழுகுகளில் கடைசி' என்று எழுதிக் கொடியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கழுகுகள் காலுறைக்குள் கல்லை நிரப்பித் தயாராக வைத்துக்கொண்டார்கள். பத்து நாளைக்கு முன்பு வரை யாரென்றே தெரியாத பிள்ளைகள்! கடைசியில் கழுகுகள் ஜெயித்தார்கள், விரியன்கள் அந்தப் பரிசையே திருடினார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி பட்டாணி எண்ணிய கதை. தரையில் மொச்சை, பட்டாணி மாதிரி விதைகளை இறைத்துவிட்டுப் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவர் பொறுக்கியதையும் திரையில் சில நொடி காட்டி, எத்தனை இருக்கும் என்று கேட்டார்கள். உண்மையில் ஒவ்வொரு தடவையும் காட்டியது அதே 35 விதைகள்தான். 'இது நம்மாள் பொறுக்கியது' என்றபோது எண்ணிக்கை கூடியது, 'அவன் பொறுக்கியது' என்றபோது குறைந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கண்ணே கட்சி மாறிவிட்டது.

3. அப்புறம் எப்படி ராசியானாங்க? கை குலுக்கச் சொன்னாங்களா?

முதலில் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள், சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். பலன், சோற்றுத்தட்டும் காகிதக் குப்பையும் பறந்தன. வெறுமனே ஒன்றாக உட்கார வைத்தது சண்டைக்கு வசதியான மைதானமாகத்தான் ஆனது.

பிறகு, ஒரு கூட்டத்தால் மட்டும் முடியாத, இரண்டு கூட்டத்துக்கும் வேண்டிய வேலைகளைக் கொண்டுவந்தார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. மேலே தொட்டியின் குழாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது (அடைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை). எல்லாரும் சேர்ந்து எடுத்தார்கள். படம் வரவழைக்கப் பணம் போதவில்லை என்றதும் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். சாப்பாடு ஏற்றிவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. ஒரு கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு.

ஒரே தடவையில் மாயம் நடக்கவில்லை. தண்ணீர் வந்த அன்று சாயங்காலமே மறுபடி சோறு பறந்தது. வேலைகள் அடுத்தடுத்து வர வரத்தான் தணிந்தது. சண்டை உச்சத்தில் இருந்தபோது எதிர்க்கூட்டத்திலிருந்து நண்பனைச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஆறு, ஏழு என்ற அளவில்தான். முடிவில் விரியன்களிடம் அது 36 ஆனது, கழுகுகளிடம் 23. திரும்பும்போது ஒரே பேருந்தில் போகிறோம் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் வண்டி நின்ற இடத்தில், பரிசாகக் கிடைத்த ஐந்து டாலரை விரியன்கள் எல்லாருக்கும் பால் பானம் வாங்கச் செலவழித்தார்கள்.

4. அது வெள்ளக்காரப் பசங்க. நம்ம ஊர்ப் பசங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க, இல்லீங்களா?

எங்கள் முகாமின் இரண்டாம் வருடம். லூப் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பங்களா வாடகைக்குக் கிடைத்தது. மாடியில் இருபது பேர், கீழே இருபது பேர். அவர்களாகவே மேல்வீட்டார், கீழ்வீட்டார் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நான் இருந்த உற்சாகத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி முலாம் கோப்பை வாங்கிவந்து, சுத்தம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் என்று அறிவித்தேன். பலகையில் தினமும் சாக்பீஸால் எழுதினேன். நான்காம் நாள் காலையில் கீழ்வீட்டாரின் இருபது ஜோடிச் செருப்புக்குள்ளும் பற்பசை. ஐந்தாம் நாள் மேல்வீட்டார் குளிக்கிற நேரத்தில் வென்னீர் அடுப்பில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். ஆறாம் நாள் ஒரு பையன் என்னிடம் வந்து, "டீச்சர், அவங்க காபி குடிக்கிற டம்ளர்ல எங்களுக்கு வேண்டாம்" என்றான். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கோப்பையும் பலகையும் என் ஏற்பாடு. ஷெரிஃப்பைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் இதைச் செய்தேன் என்பது இன்னும் வெட்கம்.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று இருக்கிறது. 1963-இல் லுட்ஃபி டியாப் என்பவர் லெபனானில் இதே மாதிரி முகாம் நடத்தினார். 18 சிறுவர்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். இரண்டு அணியிலும் இரண்டு மதத்தவரையும் கலந்து போட்டார். மோதல் முற்றி முகாமைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் சண்டை மதத்தை வைத்து வரவில்லை. நீல அணி, சிவப்பு அணி என்றுதான் வந்தது.

5. அப்போ போட்டியே கூடாதுங்கறீங்களா? கோடை விழால கயிறு இழுக்கறாங்களே, அங்க யாரும் கொடி கொளுத்தலையே?

போட்டி என்றாலே சண்டை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் சாரணச் சிறுவர்களின் முகாமில் டைர்மன், ஸ்பென்சர் என்ற இருவர் பார்த்தார்கள், 1983-இல் வெளியிட்டார்கள். போட்டி இருந்தது, அணி இருந்தது, பகை வளரவில்லை. அவர்கள் முன்பே பழகியவர்கள், எல்லாருமே சாரணர்கள் என்ற பெரிய உறவு ஒன்று மேலே இருந்தது. கோடை விழாவும் அப்படித்தான். இழுத்து முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போகிறோம். ராத்திரி தனித்தனிக் குடிலில் படுத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்யலாம் என்று கருவுவதில்லை.

கயிறு என்றதும் ஒரு கிளைக்கதை. பிரான்ஸில் மேக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்தார், 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைந்தது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

6. காரணமே வேண்டாம், சும்மா ரெண்டாப் பிரிச்சாலே போதும்னு ஒரு சோதனை சொல்லுதாமே?

அது ஹென்றி தாஜ்ஃபெல் செய்தது. 1970-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்கள், 14, 15 வயது. க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களை யார் வரைந்தது என்று சொல்லாமல் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டு, 'நீ க்ளே கட்சி, நீ கண்டின்ஸ்கி கட்சி' என்றார்கள். பிரித்தது உண்மையில் குருட்டாம்போக்கில். யார் எந்தக் கட்சி என்று அவர்களுக்குள் தெரியாது, பேசிக்கொள்ளவும் முடியாது. பிறகு ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத இரண்டு பேருக்குப் பணம் பிரித்துக் கொடுக்க வேண்டும். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது.

கொடுத்த தேர்வுகளைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் நம் ஆளுக்கு 7, அவர்கள் ஆளுக்கு 1. நடுவில் 13, 13. மறு ஓரத்தில் நம் ஆளுக்கு 19, அவர்கள் ஆளுக்கு 25. நம் ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்றால் 19-ஐத்தான் தொட வேண்டும். ஆனால் சிறுவர்கள் சாய்ந்தது 7-க்கு 1 இருக்கும் பக்கமாக. நமக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனை விடக் கூடுதலாக இருந்தால் சரி.

நான் இதைத் தன்னார்வலர்களிடம் தட்டுவடை செட்டை வைத்துச் செய்துகாட்டுவேன். 'உங்க கோஷ்டிக்கு 7 செட், அவங்களுக்கு 1. இல்லாட்டி உங்களுக்கு 19, அவங்களுக்கு 25.' எல்லாரும் சிரிப்பார்கள், 19 என்பார்கள். அப்போதும் யாராவது ஒருவர், "25 எதுக்கு டீச்சர் அவங்களுக்கு?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

7. அப்போ ஷெரிஃப் சொன்னது தப்பா, தாஜ்ஃபெல் சொன்னது சரியா?

ஒருவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு இருவர் மல்லுக்கட்டினால் பகை வரும் என்றார் ஷெரிஃப். மல்லுக்கட்ட ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'நாம்' என்ற எண்ணம் வந்தாலே பாரபட்சம் வந்துவிடும் என்றார் தாஜ்ஃபெல். ஆனால் பிரிஸ்டலில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, கொடி கொளுத்தவில்லை. பாரபட்சம் வேறு, பகை வேறு. முன்னதற்குப் பெயர் வைத்தாலே போதும், பின்னதற்குக் கோப்பையும் வேண்டும்.

இருவருமே இதை ஏட்டில் மட்டும் கற்றவர்கள் இல்லை. 1919-இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது பக்கத்தில் நின்றவர் கொல்லப்படுவதைப் பார்த்த சிறுவன் ஷெரிஃப். தாஜ்ஃபெல் போலந்து யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்து, போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை.

8. மேடம், ஏதோ லாரி வெளயாட்டுன்னு சொன்னீங்களாமே? நமக்கு அது ஒண்ணுதான் வெளங்கும்.

இதைக் கேட்டவர் எங்கள் வேன் ஓட்டுநர். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகளை வருடக்கணக்கில் ஏறி இறங்குகிறவர்.

1960-இல் மார்ட்டன் டாய்ட்ச், ராபர்ட் க்ராஸ் இருவரும் நடத்தியது. இரண்டு பேர், ஆளுக்கொரு லாரி கம்பெனி. சரக்கைச் சீக்கிரம் சேர்த்தால் லாபம், நேரம் ஆக ஆகக் காசு குறையும். குறுக்கு வழி ஒன்று, ஆனால் நடுவில் ஒரே வண்டி போகிற அகலம். சுற்றுவழியில் போனால் நட்டம். ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு மாறி மாறிப் போனால் இருவருக்கும் லாபம். பிறகு சிலருக்கு மட்டும் அந்தக் குறுகல் பாதையில் ஒரு கேட் கொடுத்தார்கள். வேண்டுமானால் இறக்கி அடுத்தவரை மறிக்கலாம். கேட்டே இல்லாதபோது ஜோடியாக லாபம் பார்த்தார்கள். ஒருவர் கையில் கேட் வந்ததும் ஜோடிக்கு நட்டம், கேட் வைத்திருந்தவருக்கும் நட்டம்தான். இருவர் கையிலும் வந்தபோது நட்டம் உச்சத்துக்குப் போனது. பேசிக்கொள்ளட்டும் என்று வழி திறந்துவிட்டும் பெரிதாகப் பலனில்லை. பலர் பேசவே இல்லை.

கேட்டுவிட்டு ஓட்டுநர் சொன்னது, "ஏர்ற வண்டிக்கு எறங்கற வண்டி வழி விடணும்னு ரூல் இருக்குதுங்க மேடம். அது இல்லீன்னா தெனம் பதினஞ்சாவது வளைவுல சட்டையப் புடிச்சுட்டு நின்னிருப்போம்." டாய்ட்ச்சின் விளையாட்டில் இல்லாதது அந்த விதிதான்.

9. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டா பேதம் போயிடும்னு தானே சமபந்தி எல்லாம் வெக்கிறாங்க? நீங்க என்னமோ அது வேலைக்காகாதுங்கற மாதிரி சொல்றீங்க.

மூன்றாம் கேள்வியின் சாப்பாட்டுக் கூடத்தை வைத்துக் கேட்கிறீர்கள். நியாயமான சந்தேகம். ஷெரிஃப் முகாம் நடந்த அதே 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். பழக்கம் பேதத்தைக் குறைக்கும், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு என்றார். பழகும் இடத்திலாவது இருவரும் சமமாக இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், அதற்காகக் கூடி உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். பிற்காலத்தில் பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 515 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். நான்கு நிபந்தனையும் கூடி வராவிட்டாலும்கூடப் பழக்கம் பொதுவாக நல்லதே செய்கிறது, நிபந்தனைகள் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்று தெரிந்தது.

ஆகவே சமபந்தி வீணில்லை. சுதந்திர தினத்தன்று கோயிலில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதில் மேலிடத்து ஆதரவு இருக்கிறது, அன்றைக்குச் சமமும் இருக்கிறது. இல்லாதது மற்ற இரண்டு. இலை எடுத்ததும் கூடிச் செய்ய வேலை எதுவுமில்லை. எங்கள் முகாமில் பந்தி பரிமாறுவதும், பாத்திரம் தேய்ப்பதும் மேல்வீட்டான் ஒருவன், கீழ்வீட்டான் ஒருவன் என்று ஜோடி. உட்கார்ந்து சாப்பிட்டதைவிடச் சாம்பார் வாளியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போனது அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

10. முகாம் பத்து நாள். ஸ்கூல் பத்து மாசம். வகுப்புல ஒரு டீச்சர் என்ன பண்ணிட முடியும்?

1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இதே கேள்விதான். வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் கைகலப்பு. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். டீச்சர் கேள்வி கேட்கிறார், ஆறு பேர் கையைத் தூக்குகிறார்கள், ஒருவன் சொல்கிறான், மற்ற ஐந்து பேருக்கும் முகம் வாடுகிறது. இது நம் வகுப்பும்தான்.

அவர் பாடத்தை ஆறு துண்டாக்கி ஆறு பேருக்குக் கொடுத்தார். முதலில் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று பத்திரிகை நடத்திய ஜோசஃப் புலிட்சரின் வாழ்க்கை. ஒருவனிடம் குழந்தைப் பருவம், இன்னொருத்தியிடம் அமெரிக்கா வந்த கதை, இப்படி. தேர்வு முழுப் பாடத்திலும் உண்டு, ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான். திக்கித் திக்கிப் பேசும் மெக்சிகப் பையனைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவனுக்கு. ஆகவே நல்ல கேள்வி கேட்டு அவனிடமிருந்து விஷயத்தை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். ஜிக்சா வகுப்பு என்பார்கள். பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு நான் செய்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் சந்தைக்கடை. மூன்றாம் வாரத்தில்தான் படிந்தது. பொறுமை இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம்.

11. கண் நிறத்தை வெச்சுப் பிரிச்ச டீச்சர், ஜெயில் சோதனை, இதெல்லாமும் இதுல சேர்த்திங்களா?

சேர்த்திதான், ஆனால் ஆதாரமாக அதிகம் சாய வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரலில், அயோவாவில் ஜேன் எலியட் என்ற மூன்றாம் வகுப்பு ஆசிரியை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து, ஒரு நாள் ஒரு தரப்பை உசத்தி, இன்னொரு நாள் மாற்றினார். அது சோதனை இல்லை, பாடம். 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டில் ஃபிலிப் ஜிம்பார்டோ இளைஞர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய சிறை நாடகம் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நின்றது. காவலர்கள் தாமாகவே கொடூரமானார்கள் என்று வெகுகாலம் சொன்னார்கள். எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது பின்னால் ஒலிப்பதிவுகளிலிருந்து தெரிந்தது. முதல் கேள்வியில் சொன்ன கதைதான், கூட இருந்த பெரியவரைப் பார்க்க மறந்துவிட்டோம்.

12. இதெல்லாம் ஜாதிக்குப் பொருந்துமா டீச்சர்? நம்ம நாட்டுல யாராச்சும் செஞ்சு பார்த்திருக்காங்களா?

செய்திருக்கிறார்கள். மாத்யூ லோ என்ற பொருளாதார அறிஞர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்தினார், 2021-இல் வெளியிட்டார். மொத்தம் 1,261 இளைஞர்கள், அதில் 800 பேர் ஆடினார்கள். சில அணிகளில் ஒரே ஜாதி, சிலவற்றில் கலப்பு, எல்லாம் குலுக்கல் முறையில். கலப்பு அணியில் ஆடியவர்களுக்குப் பிற ஜாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாக மட்டும் பிற ஜாதியைச் சந்தித்தவர்களுக்கு அது குறைந்தது. அதே மைதானம், அதே பந்து. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதுதான் வித்தியாசம். டெல்லியில் கௌதம் ராவ் பார்த்தது பள்ளிகளை. ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தாக வேண்டும் என்ற விதி வந்தபின் அவர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் அதிகம் தாராளமானார்கள், பாகுபாடு குறைந்தது.

என்னை உலுக்கியது ஹாஃப், பாண்டே இருவரும் 2006-இல் வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்தில் 642 சிறுவர்களைப் புதிர்ப்பாதை விடுவிக்கச் சொன்னார்கள். ஜாதியைச் சொல்லாதவரை உயர்ஜாதி, தாழ்த்தப்பட்ட ஜாதி என இரு தரப்புப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே செய்தார்கள். பெயரோடு ஜாதியையும் எல்லார் முன்னும் வாசித்ததும் தாழ்த்தப்பட்டவர்களாக நடத்தப்படும் பிள்ளைகள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஜாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது. வெறும் கயிறுதானே என்பவர்களுக்கு ஆறாம் கேள்வியைக் காட்டுங்கள். ஆனால் ஜாதி வெறும் நிறப்பட்டை இல்லை. அதன் பின்னால் நிலம், கூலி, தெரு எல்லாம் இருக்கிறது. முகாம் முடிந்ததும் கழன்றுவிடாது.

13. ஷெரிஃப் சோதனையே டுபாக்கூர்னு ஒரு வீடியோல பார்த்தேன். நீங்க இன்னும் அதையே சொல்லிட்டிருக்கீங்க?

டுபாக்கூர் இல்லை, ஆனால் பாதிக் கதை மறைந்திருந்தது. 2018-இல் ஜீனா பெர்ரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் பழைய ஆவணங்களைக் கிளறி ஒரு புத்தகம் எழுதினார். ராபர்ஸ் கேவுக்கு முந்தைய வருடம், 1953-இல், நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற இடத்தில் ஷெரிஃப் இன்னொரு முகாம் நடத்தினார். அங்கே பிள்ளைகளை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு பிரித்தார். சண்டை வரவில்லை. முகாம் ஊழியர்களே திருட்டுத்தனமாகத் துணியைத் தூக்கினார்கள், கூடாரத்தைக் கலைத்தார்கள், பொருளை உடைத்தார்கள், ஒரு கூட்டம் இன்னொன்றின் மேல் பழி போடும் என்று. பிள்ளைகள் கூடிப் பேசி, இது பெரியவர்கள் வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஷெரிஃப் முகாமைப் பாதியில் மூடினார். அடுத்த வருடம் முதலிலேயே பழகவிடாமல் பிரித்து வைத்தார்.

இதனால் எனக்கு மதிப்புக் குறைந்தது ஷெரிஃப்பிடம்தான், சோதனையிடம் இல்லை. இரண்டு முகாமையும் சேர்த்துப் படித்தால் ஒன்றுக்கு இரண்டாகப் பாடம் கிடைக்கிறது. தோற்ற முகாம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. இப்போதெல்லாம் முதல் மூன்று நாள் அறை பிரிப்பதே இல்லை. நாற்பது பேருக்கும் கூடத்தில் ஒரே ஜமக்காளம்.

14. பசங்ககிட்ட சொல்லாமலே இதைச் செஞ்சது பாவம் இல்லையா? நாமளும் தெரியாம ஒரு தடவ செஞ்சு பார்த்தா என்ன டீச்சர்?

இரண்டு கேள்வியையும் ஒரே பெண்தான், ஒரே மூச்சில் கேட்டாள். முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு முடியாது. இன்றைக்கு நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடம் வாய்மொழியாக, பன்னிரண்டுக்கு மேல் எழுத்தில், அவர்கள் சம்மதமும் வேண்டும். நெறிமுறைக் குழு வேண்டும். தொட்டிக் குழாயில் சாக்கை அடைக்கும் வேலை எதுவும் எங்கள் முகாமில் கிடையாது. ஏற்காட்டில் மே மாதம் தண்ணீர் தானாகவே நிற்கும்.

15. பொது எதிரி ஒருத்தன் இருந்தா எல்லாரும் ஒண்ணாயிடுவாங்கல்ல? அது சுலபமாச்சே.

சுலபம்தான். எங்கள் வாழைப்பழத் தாரைக் குரங்குகள் தூக்கிப்போன அன்று மேல்வீடும் கீழ்வீடும் தோளோடு தோள் நின்றன. ஷெரிஃப்பும் 1949-இல் கனெக்டிகட் முகாமில் வெளியார் அணி ஒன்றை எதிரில் நிறுத்திப் பார்த்தார். ஒற்றுமை வந்தது. ஆனால் சண்டை தீரவில்லை, பெரிதாகி வெளியே நகர்ந்தது, அவ்வளவுதான் என்று அவரே அந்த வழியைக் கைவிட்டார். இரண்டு தெருச்சண்டையை ஊர்ச்சண்டையாக்கித் தீர்த்த மாதிரி.

16. சரி, சேர்ந்து செஞ்ச வேலை தோத்துப்போனா? தொட்டியில தண்ணி வரவே இல்லைன்னா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி. வொர்ச்சலும் அவரோடு இருந்தவர்களும் 1977-இல் இதைத்தான் பார்த்தார்கள். முன்பு போட்டி போட்ட இரண்டு குழு சேர்ந்து வேலை செய்து ஜெயித்தால் பிடித்தம் கூடுகிறது. தோற்றால், இருந்ததும் குறைகிறது. 'அவங்களாலதான் கெட்டுது' என்று பழி எதிரே போகிறது. முன்பே ஒத்துப்போன குழுக்கள் தோற்றாலும் இந்தச் சேதம் இல்லை.

நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மூன்றாம் வருடம் பங்களாவின் பின்பக்கம் சரிந்த கல்வரப்பை எல்லாரும் சேர்ந்து அடுக்கினார்கள். மூன்று நாள் வேலை. கடைசி ராத்திரி கோடை மழை பிய்த்து உதறியது, காலையில் பார்த்தால் பாதி வரப்பு காபிச் செடிக்குள் கிடந்தது. மேல்வீட்டார் அடுக்கிய பக்கம் நிற்கிறது, கீழ்வீட்டார் அடுக்கியது விழுந்தது என்று ஆரம்பித்தார்கள். உண்மையில் யார் எந்தக் கல்லை வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் முதல் வேலை எப்போதும் தோற்க முடியாத வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறோம். நாற்பது பேருக்கு நாற்பது சப்பாத்தி உருண்டை, ஒருவர் உருட்ட ஒருவர் தேய்க்க. வடிவம் எப்படி வந்தாலும் சமையல்கார அம்மா சுட்டுப் போட்டுவிடுவார்.